பாட்டி எங்கே பிறந்தாள்?

ஹெக்டர் ஹெவலின் தாத்தா மலாக்காவில் பிறந்தவர் என்றது மலேசியக் காற்பந்துச் சங்கம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்தவர் என்றது ஃபிஃபா. ஜோன் இராசாபாலின் தாத்தாவுக்கு நம் பத்திரத்தில் கூச்சிங், மூலப் பத்திரத்தில் ஸ்பெயினின் கெர்னிக்கா. ரொட்ரிகோ ஹோல்காடோவின் தாத்தாவுக்கு ஜார்ஜ் டவுன், உண்மையில் அர்ஜென்டினாவின் கசெரோஸ். ஜொவாவ் ஃபிகெரேதோவின் பாட்டிக்கு ஜொகூர், உண்மையில் பிரேசிலின் அப்ரே காம்போ. இப்படி ஏழு ஆட்டக்காரர்கள், ஏழு தாத்தா பாட்டிகள்.

2025 அக்டோபர் 6-ஆம் தேதி ஃபிஃபா தன் தீர்ப்பின் காரணங்களை வெளியிட்டது. விளையாட்டுச் செய்தியாக அதை எல்லோரும் வாசித்தாகிவிட்டது. அதை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம். அதற்குள் ஏழு சிறுகதைகள் இருக்கின்றன, ஏழும் மோசமான கதைகள். பாஸ்க் தேசத்துக் குடும்பம் ஒன்று சரவாக்குக்கு எப்படி வந்தது? கப்பலிலா, மதப்பிரச்சாரத்துக்கா, மிளகு வாங்கவா? பிள்ளை பெற்ற கையோடு ஏன் திரும்பிப் போனது? கதை எழுதிப் பழகிய யாருக்கும் முதலில் தோன்றும் கேள்விகள் இவை. பத்திரத்தைக் கையில் வாங்கிய யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா வியட்நாமை 4-0 என்று அடித்தது. 2014-க்குப் பிறகு வியட்நாமை நாம் வென்றதே இல்லை. முதல் இரண்டு கோல்களும் ஃபிகெரேதோ, ஹோல்காடோ கால்களிலிருந்து வந்தவை. மறுநாளே ஃபிஃபாவுக்குப் புகார் போனது. செப்டம்பர் 26-ல் தீர்ப்பு: காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கு 2,000 பிராங்கும் 12 மாதத் தடையும். குற்றம், போலி ஆவணம். சங்கம் அதைத் ‘தொழில்நுட்பத் தவறு’ என்றது. நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது. பிறகு வழக்கு லூசானில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது.

பத்து காஜா, பூசிங், ஈப்போ பக்கத்து ஒட்டுக்கடைகளில் இதற்கு வந்த எதிர்வினை எல்லோருக்கும் தெரிந்ததுதான். “அர்ஜென்டினாக்காரனுக்குக் கூப்பிட்டு ஐசி குடுக்கறான். நமக்கு நாலு தலைமுறையாச்சு, இன்னும் சிவப்பு ஐசி.” வாட்ஸ்அப்பில் இதுவே படமாகவும் பாட்டாகவும் சுற்றியது. இதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாக்கியம் சிரிப்போடு நின்றுவிடுகிறது. வந்தவன் மேல் கோபப்பட்டுவிட்டு டீயைக் குடித்து முடிக்கிறது. கோபப்பட வேண்டிய இடம் வேறு.

அதைப் பார்க்க ஃபிஃபாவின் விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். புதிதாக ஒரு நாட்டின் குடியுரிமை வாங்கிய ஆட்டக்காரர் அந்த நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால் நான்கில் ஒன்று பொருந்த வேண்டும். அவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்ற தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தாத்தா பாட்டிகளில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது அவரே அங்கே ஐந்து ஆண்டாவது வாழ்ந்திருக்க வேண்டும். கவனியுங்கள், இது இரண்டாவது கதவு. முதல் கதவு குடியுரிமை. அதை ஃபிஃபா திறப்பதில்லை, அந்தந்த நாடு திறக்கிறது.

நம் நாட்டின் முதல் கதவு லேசானதல்ல. கூட்டரசு அரசியலமைப்பின் 19-ஆவது விதிப்படி, இயல்புரிமைக் குடியுரிமை கேட்பவர் 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். ஏழு பேருக்கும் வசிப்பு நிபந்தனையைத் தமக்குள்ள விருப்புரிமையைக் கொண்டு தளர்த்தியதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். எல்லாம் சட்டப்படி என்றார். இருக்கட்டும். அப்படியென்றால் நம் கதவில் ‘உன் பாட்டி எங்கே பிறந்தாள்?’ என்ற கேள்விக்கே அவசியம் இருக்கவில்லை. அமைச்சரின் கையெழுத்து போதும். அந்தக் கேள்வியைக் கறாராகக் கேட்டது சூரிச்சில் இருக்கிற கதவு. மாட்டிக்கொண்டது அங்கேதான்.

இன்னொரு விஷயம் ஃபிஃபா விளக்கத்திலேயே இருக்கிறது. தேசியப் பதிவிலாகா அந்தத் தாத்தா பாட்டிகளின் கையால் எழுதிய மூலப் பதிவைப் பெறவில்லை. இரண்டாம் நிலைத் தகவல்களையும் வெளிநாட்டு ஆவணங்களையும் வைத்து அதிகாரபூர்வ நகல் கொடுத்திருக்கிறது. மூலப் பத்திரங்களோ அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் இருந்தன. ஃபிஃபா தேடியது, கிடைத்தன. தேடினால் கிடைக்கும் என்பதுதான் இந்த விவகாரத்தின் மிக எளிய பாடம். யாருக்காக யார் தேடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இப்போது பத்து காஜாவுக்கு வருவோம். இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாட்டி பிறந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில். அம்மா அதே தோட்டத்தில். பேரன் தோட்டம் உடைந்த பிறகு தாமானில். அவனுக்கு இப்போது இருபது வயது. பிறந்த மண் இது, பெற்றவள் பிறந்த மண் இது, பாட்டி பிறந்த மண் இது, இருபது வருடமும் வாழ்ந்த மண் இது. ஃபிஃபா நான்கில் ஒன்று கேட்கிறது. இவனிடம் நான்கும் இருக்கின்றன. ஆனால் பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்று இருந்தால், இவனால் மலேசியாவுக்கு ஆட முடியாது. வேறெந்த நாட்டுக்கும் ஆட முடியாது. கடப்பிதழ் இல்லாமல் அண்டை நாட்டுக்கு ஆட்டம் பார்க்கக்கூடப் போக முடியாது. அப்படி ஒருவனை இங்கே நான் கற்பனைதான் செய்கிறேன். அவனைப்போல் வாழ்கிறவர்கள் கற்பனை இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குத் தனிப்பட்ட வில்லன் யாரும் இல்லை. பல சிறு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தவை. பிறப்பைப் பதிய வேண்டுமென்றால் தோட்டத்துக் கிராணியை நம்ப வேண்டிய காலம் ஒன்று இருந்தது. கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்தைப் பதியாமல் விட்டவர்கள் அநேகம். 1976-ல் இயற்றப்பட்டு 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டம், முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும் என்றது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் பிள்ளை மட்டும்தான். தகப்பனிடம் நீல அட்டை இருந்தும் தாயிடம் தாளே இல்லையென்றால் பிள்ளை நடுவில் நிற்கும். 1962-க்கு முன்பாவது, மெர்டேக்காவுக்குப் பின் இந்த மண்ணில் பிறந்தால் பொதுவாகக் குடிமகன் என்றிருந்தது. பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று மாறியது. அதை நிரூபிப்பதற்கும் தாள் வேண்டும்.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளிகள் இடம் மாறினார்கள். சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். 1969-ல் குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேறி இந்தியா போனார்கள். அவர்களில் இங்கேயே பிறந்தவர்களும் உண்டு. இந்த இடப்பெயர்ச்சிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தகரப்பெட்டி தொலைந்திருக்கும். பெட்டிக்குள் இருந்தது பாட்டியின் சூராட் பெரானாக்.

ஏழு ஆட்டக்காரர்களுக்கும் இந்தப் பேரனுக்கும் இருக்கிற வித்தியாசம் ரத்தமோ நிறமோ திறமையோ அல்ல. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான். அவர்களுக்காகச் சங்கம் விண்ணப்பித்தது, முகவர்கள் தாள் திரட்டினார்கள், பதிவிலாகா இரண்டாம் நிலைத் தகவலை ஏற்றது, அமைச்சர் ஆண்டுகளைத் தள்ளுபடி செய்தார். இவனிடம், ‘மூலப் பத்திரம் கொண்டு வா, இல்லையென்றால் சாட்சி கொண்டு வா, சாட்சி செத்துவிட்டால் இறப்புப் பத்திரம் கொண்டு வா’ என்கிறார்கள். அங்கே சந்தேகத்துக்கு வேலையே இல்லை. இங்கே சந்தேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

‘சரி, ஜெயிக்க வேண்டாமா? மற்றவர்கள் செய்யவில்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தோனேசியா, நெதர்லாந்தில் வளர்ந்த தன் வம்சாவளிப் பிள்ளைகளை அழைத்து 2026 உலகக் கிண்ணத் தகுதியின் நான்காம் சுற்றுவரை போனது. வியட்நாம், பிரேசில்காரரான ரபாயெல்சனுக்குக் குடியுரிமை கொடுத்து நுயென் சுவான் சோன் ஆக்கியது. அவர் 2024 ஆசியான் கிண்ணத்தில் அதிக கோல் அடித்தார். நம் அணியிலேயே டியோன் கூல்ஸ் கூச்சிங்கில் பிறந்தவர், பெல்ஜியத்தில் வளர்ந்தவர். 2018-ல் ஆட வந்த காம்பியாக்காரர் முகமது சுமாரே ஐந்தாண்டு இங்கே வாழ்ந்து தகுதி பெற்றார். இதில் எதிலும் பொய் இல்லை. வெளியே இருந்து ஆள் வருவதே கேடு என்று வாதாடுபவர்கள், முக்கியமாக நாம் வாதாடினால், நம் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியதை மறந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

இந்தத் தாத்தா பாட்டி விதி ஒரு ஆட்டத்தையே எப்படி மாற்றியது என்று பார்க்க ரக்பி லீக்கைப் பார்க்கலாம். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி. ஆஸ்திரேலியாவிலும் வட இங்கிலாந்திலும் வேர் உள்ளது. பல்லாண்டு காலம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றைத் தாண்டி உலகப் போட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தீவுகளின் பிள்ளைகள் ஆக்லாந்திலும் சிட்னியிலும் பிறந்து அந்தப் பெரிய அணிகளுக்கே ஆடினார்கள். 2017-ல் ஆக்லாந்தில் பிறந்த ஜேசன் தௌமலோலோ நியூசிலாந்தை விட்டுவிட்டுப் பெற்றோரின் தொங்காவுக்கு ஆடப் போனார். அந்த உலகக் கிண்ணத்தில் தொங்கா நியூசிலாந்தையே 28-22 என்று வென்றது. 2019-ல் ஆஸ்திரேலியாவை 16-12 என்று வென்றது. 2022-ல் சமோவா அரையிறுதியில் இங்கிலாந்தை ஒரே புள்ளியில் முந்தி இறுதிக்குப் போனது.

அங்கேயும் விமர்சனம் உண்டு. லெபனான் அணி என்பது பெரும்பாலும் சிட்னியின் லெபனான் குடும்பத்துப் பையன்கள்தானே, பெய்ரூட்டில் எத்தனை பேர் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய நாட்டில் இடம் கிடைக்காதபோது மட்டும் பாட்டி நினைவுக்கு வருகிறாளா என்று கிண்டலும் உண்டு. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் 2000-ல் வேல்ஸ் அணிக்கு ஆடிய இரண்டு நியூசிலாந்துக்காரர்களுக்கு வேல்ஸ் தாத்தாவே இல்லை என்று தெரியவந்து பெரிய அவமானமானது. ஆக, பொய்த் தாத்தா மலேசியாவின் கண்டுபிடிப்பு அல்ல.

ஆனால் தொங்காவின் ஆட்டத்தில் அரங்கு முழுக்கச் சிவப்புக் கொடி பிடித்து, தொங்கா மொழியில் பாடுகிறார்கள். அந்தப் பாட்டி யார், எந்தத் தீவு, எந்தத் தேவாலயம் என்று அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தைமாருக்குத் தெரியும். தாளுக்கு முன்னால் ஒரு சமூகம் சாட்சி நிற்கிறது. நமக்கும் இது அந்நியமான அனுபவம் இல்லை. ஃபிஃபாவில் இடமில்லாதவர்களுக்கான கோனிஃபா போட்டிகளில், 2014-ல் சுவீடனிலும் 2018-ல் லண்டனிலும், புலம்பெயர்ந்த பிள்ளைகளைக் கொண்ட தமிழீழ அணி ஆடியது. அவர்களுக்கு அந்தப் பெயரில் கடப்பிதழ் தர ஒரு நாடு இல்லை. தாத்தா பாட்டியின் ஊர்ப்பெயர்தான் இருந்தது. ஜெயித்தார்களா தோற்றார்களா என்பது அங்கே இரண்டாவது விஷயம்.

நம் ஏழு தாத்தா பாட்டிகளுக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு, ஜொகூரில் ஒரு கல்லறை, ‘ஆமா, அந்தக் குடும்பம் இங்கதான் இருந்துச்சு’ என்று சொல்ல ஒரு பக்கத்து வீடு, எதுவும் இல்லை. பேரனுக்கு எல்லாம் இருக்கிறது. தாள் மட்டும் இல்லை. தாள் மட்டும் இருந்த எழுவருக்கும் தாள் மட்டும் இல்லாத ஒருவனுக்கும் இடையில் நம் அரசு எதை நம்பியது என்பது இப்போது ஊரறிந்த விஷயம்.

பத்து காஜாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் கெல்லிஸ் காசல் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பேய்க்கதை கேட்டுப் போகிற இடம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கட்டிய, கட்டி முடிக்காத மாளிகை. முதலாம் உலகப் போரை ஒட்டி வந்த கொள்ளைக் காய்ச்சலில் தொழிலாளிகள் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார். அந்தக் கோயிலின் மேல் வரிசையில் சாமிகளோடு சாமியாகத் துரையின் உருவமும் நிற்கிறது. 1926-ல் லிஸ்பனில் இறந்தவரை நம் ஆட்கள் தங்கள் கோபுரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எந்தப் பத்திரமும் கேட்காமல். அந்தக் காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்ப் பலகை எதுவும் அங்கே என் கண்ணில் பட்டதில்லை.

இதை நம் எழுத்தின் பக்கமும் திருப்ப வேண்டும். மலேசியத் தமிழ்க் கதைகளில் லயம் உண்டு, பால்வாளி உண்டு, ஆயாக்கொட்டாய், கள்ளுக்கடை, தண்டல், துரை எல்லாம் உண்டு. தோட்டத்துத் திடலில் சாயங்காலம் பந்தடித்த ஞாபகத்தை ஆளாளுக்கு எழுதியிருக்கிறோம். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் பதிவிலாகா கவுண்டரில் நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிற கிழவி நான் வாசித்த கதைகளில் அபூர்வமாகத்தான் வருகிறாள். ஏக்கத்தை எழுதுவது சுலபம். விண்ணப்ப பாரத்தை எழுதுவதற்கு உழைப்பு வேண்டும். எந்தக் கட்டத்தில் எதை நிரப்பச் சொன்னார்கள், எந்தப் பெயரை எப்படித் தப்பாக எழுதினார்கள், முனியம்மா ‘முனியாமா’ ஆனதால் எந்தக் கதவு மூடியது என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஃபிஃபாவின் தீர்ப்பு விளக்கம் அந்த வகையில் நம் கதைகளைவிடத் துல்லியமான பிரதி. ஒரு ஊர்ப்பெயரை இன்னொரு ஊர்ப்பெயரோடு பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2017-ல் மைடஃப்தார் முகாம்கள் நடந்தன. 2018-ல், 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அறிவித்தார்கள். 2024 அக்டோபரில், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயும் குடியுரிமை தரலாம் என்ற திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. அதுவரை அந்த உரிமை தகப்பனுக்குத்தான். காற்பந்துக்கு ஒரு பாட்டி போதும், நாட்டுக்குத் தாயே போதாது என்றிருந்த நிலை அண்மையில்தான் மாறத் தொடங்கியது. ஆனால் எல்லா முகாம்களிலும் வரிசையில் நிற்க வேண்டியவர் அதே கிழவிதான். தேட வேண்டியவளும் அவளே.

இரண்டாம் நிலைத் தகவலைப் பதிவிலாகா ஏற்கும் என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது. அப்படியென்றால் தோட்டத்துச் செக்ரோல் இரண்டாம் நிலைத் தகவல்தான். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் அப்படித்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியின் புத்தகமும், கோயில் வரிப்புத்தகமும் அப்படித்தான். இவற்றைச் சரிபார்க்காமல் ஏற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நன்றாகச் சரிபார்க்கட்டும், நாலு நாட்டில் தேடிய ஃபிஃபா மாதிரியே தேடட்டும். தேடுகிற வேலையை அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஏழு பேருக்கு அது முடிந்தது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. செக்ரோல்கள் கரையான் அரிப்பதற்கு முன்னால், பள்ளிகள் இடம் மாறுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற கிழவியிடம் உட்கார்ந்து கேட்கலாம். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், பிரசவம் பார்த்தது யார், அப்போது கிராணி யார் என்று. சூரிச்சில் கேட்ட அதே கேள்விதான். நம் வீட்டில் கேட்டால் அதற்குப் பொய் இல்லாத பதில் கிடைக்கும்.